ஸ்லாட்டில் சரியாகப் பொருந்திய ரேமை பழைய போர்டு ஏன் ஏற்கவில்லை?

நீங்கள் எழுதியதை நான் புரிந்துகொண்டது இப்படி. கோர் 2 டுவோ பிராசஸரும் ஜி41 சிப்செட் மதர்போர்டும் உள்ள பழைய டெஸ்க்டாப். அதில் 1 ஜிபி டிடிஆர்3 ரேம் இரண்டு இருந்தன. இரண்டையும் கழற்றிவிட்டு, புதிதாக வாங்கிய 4 ஜிபி ஸ்டிக் ஒன்றைப் போட்டீர்கள். ஸ்லாட்டில் நன்றாக உட்கார்ந்தது, ஓரத்துக் கிளிப்பும் பூட்டிக்கொண்டது. ஆனால் பவர் போட்டால் நீளமான பீப் திரும்பத் திரும்பக் கேட்கிறது, டிஸ்ப்ளே வருவதே இல்லை. பழைய ரேமைத் திரும்பப் போட்டால் கணினி வழக்கம்போல் ஆன் ஆகிறது. அதே புது ஸ்டிக்கை நண்பரின் மூன்றாம் தலைமுறை கோர் ஐ3 கணினியில் போட்டால் 4 ஜிபியும் முழுதாகத் தெரிகிறது. “ரேம் பழுதா, போர்டு பழுதா?” என்று கேட்டிருக்கிறீர்கள்.

நீங்கள் செய்த சோதனைகளே பாதி பதிலைச் சொல்லிவிட்டன. பழைய ரேமில் போர்டு ஓடுகிறது, வேறொரு போர்டில் புது ரேம் ஓடுகிறது. அநேகமாக இரண்டுமே பழுதில்லை. இரண்டும் ஒன்றுக்கொன்று ஒத்துவரவில்லை, அவ்வளவுதான். அப்படியானால் உங்களுக்கு உண்மையில் தெரியவேண்டியது, இந்த போர்டு ஏற்கிற 4 ஜிபி ரேம் எப்படி இருக்கும், அதை வாங்கும்போது எப்படி அடையாளம் காண்பது என்பதுதான். பல வருடங்களாகப் பழைய கணினிகளைச் சரிசெய்து வருகிறேன். ரேம் ஏற்றும்போது வரும் சிக்கல்களில் மிக அதிகமாகத் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவது இது.

முதலில், ஸ்லாட்டில் பொருந்தியது எதை நிரூபிக்கிறது என்று பார்ப்போம். டிடிஆர் என்பதன் பின்னால் வரும் எண் ரேமின் தலைமுறை. டிடிஆர்2, டிடிஆர்3 இரண்டு ஸ்டிக்குகளிலும் 240 பின்கள்தான். ஆனால் கீழ் விளிம்பில் உள்ள வெட்டு வெவ்வேறு இடத்தில் இருப்பதால் ஒன்று மற்றொன்றின் ஸ்லாட்டில் இறங்காது. டிடிஆர்4, டிடிஆர்5 இரண்டிலும் 288 பின்கள், அங்கேயும் வெட்டின் இடம் மாறும். ஒவ்வொரு தலைமுறைக்கும் மின்னழுத்தம் வேறு: டிடிஆர்2-க்கு 1.8 வோல்ட், டிடிஆர்3-க்கு 1.5, டிடிஆர்4-க்கு 1.2, டிடிஆர்5-க்கு 1.1. தவறான தலைமுறையைப் போட்டுக் கருக்கிவிடக் கூடாது என்பதற்காகத்தான் அந்த வெட்டை இடம் மாற்றி வைத்திருக்கிறார்கள். ஆகவே ஸ்டிக் பொருந்திவிட்டது என்றால் அது சரியான தலைமுறை என்று மட்டும்தான் அர்த்தம். அந்த ஸ்டிக்கின் உள் அமைப்பை போர்டு புரிந்துகொள்ளுமா என்பதைப் பற்றி வெட்டு எதுவும் சொல்வதில்லை. (ஜி41 போர்டுகளில் சிலவற்றில் டிடிஆர்2 ஸ்லாட்டும் டிடிஆர்3 ஸ்லாட்டும் சேர்ந்தே இருக்கும். உங்களுடையது அந்த வகை என்றால், ஒரு நேரத்தில் ஏதாவது ஒரு வகையை மட்டும்தான் பயன்படுத்த முடியும்.)

இனி உள் அமைப்பு. 4 ஜிபி ஸ்டிக் என்று நாம் ஒரே பெயரில் அழைத்தாலும், அது பல சிறு சிப்கள் சேர்ந்த பலகை. ஒவ்வொரு சிப்பின் கொள்ளளவையும் பிட் கணக்கில் சொல்வார்கள். 2 ஜிகாபிட் சிப் என்றால் 256 எம்பி. அதில் 16 சிப்களை, ஒரு பக்கத்துக்கு எட்டாக வைத்தால் 4 ஜிபி. சிப் தயாரிப்பு முன்னேறி 4 ஜிகாபிட் சிப் வந்தபோது, அதே 4 ஜிபிக்கு 8 சிப்களே போதும் என்றாயிற்று. ஒரு பக்கம் மட்டும் சிப் வைத்தால் தயாரிப்புச் செலவும் குறைவு. அதனால் பிற்காலத்தில் செய்யப்பட்ட 4 ஜிபி ஸ்டிக்குகளில் பெரும்பாலானவை இந்த 8 சிப் வகைதான்.

பழைய போர்டு தடுமாறுவது இங்கேதான். சிப்புக்குள் உள்ள ஒவ்வொரு இடத்தையும் வரிசை எண், நிரல் எண் இரண்டையும் சொல்லித்தான் மெமரி கன்ட்ரோலர் கூப்பிடுகிறது. ரேமோடு பேசும் பகுதி அது, உங்கள் போர்டில் ஜி41 சிப்செட்டுக்குள் இருக்கிறது. எட்டு பிட் அகலம் கொண்ட (அதாவது ஒரே நேரத்தில் எட்டு பிட் தரும்) 2 ஜிகாபிட் டிடிஆர்3 சிப்புக்கு வரிசை எண் சொல்ல 15 முகவரிக் கம்பிகள் வேண்டும். அதே அகலமுள்ள 4 ஜிகாபிட் சிப்புக்கு 16 வேண்டும். ஜி41 வெளிவந்த காலத்தில் டிடிஆர்3-க்கு 2 ஜிகாபிட் சிப்பைத்தான் உச்சமாக வைத்து வடிவமைத்தார்கள். அந்தப் பதினாறாவது முகவரிக் கம்பி அதில் இல்லவே இல்லை. ஒரு தெருவில் 99 வீடுகள் வரைதான் இருக்கும் என்று நினைத்து, கதவு எண்ணுக்கு இரண்டு கட்டங்கள் மட்டும் வைத்து ஒரு பதிவேடு அச்சடித்துவிட்டார்கள் என்று வையுங்கள். பிறகு தெரு நீண்டு 137-ஆம் எண் வீடு வந்தால், வீடு நன்றாக நின்றாலும் பதிவேட்டில் அதை எழுத இடமில்லை. உங்கள் ஸ்டிக்கின் நிலை அதுதான். நண்பரின் போர்டிலுள்ள பிராசஸருக்கு அந்தக் கூடுதல் கட்டம் இருக்கிறது, ஆகவே அங்கே எல்லாம் தெரிகிறது.

இதன் அறிகுறி எல்லாக் கணினியிலும் ஒரே மாதிரி இருப்பதில்லை, குழப்பத்துக்கு அதுவும் ஒரு காரணம். ஸ்டிக்கிலேயே எஸ்பிடி என்னும் சின்னஞ்சிறு சிப் ஒன்று உண்டு. கொள்ளளவு, வேகம், உள் அமைப்பு எல்லாம் அதில் எழுதப்பட்டிருக்கும். ஆன் செய்ததும் பயாஸ், அதாவது போர்டில் பதிந்திருக்கும் தொடக்க நிரல், முதலில் அதைத்தான் படிக்கிறது. அங்கே எழுதியிருக்கும் சிப் அளவு தன் பட்டியலில் இல்லை என்றால், சில பயாஸ்கள் ரேமே இல்லை என்று முடிவுசெய்து பீப் அடிக்கும். சில பாதி அளவை மட்டும் கண்டுகொண்டு 4 ஜிபியை 2 ஜிபியாகக் காட்டும். மிக மோசமான வகை, முழு அளவையும் காட்டி, விண்டோஸ் வரை போய், பிறகு காரணமே தெரியாமல் நீலத் திரையில் நிற்பது. உங்களுடையது முதல் வகை என்று நினைக்கிறேன். இதை உறுதிசெய்ய எளிய வழி ஒன்று உண்டு: எல்லா ரேமையும் கழற்றிவிட்டு, ஸ்லாட் காலியாக இருக்கும்போது பவர் போட்டு பீப் ஒலியைக் கேளுங்கள். புது ஸ்டிக் போட்டபோது கேட்ட அதே ஒலி வந்தால், போர்டு அந்த ஸ்டிக்கை இல்லாத பொருளாகவே நடத்துகிறது என்று கொள்ளலாம். பீப் எண்ணிக்கைக்கு இணையத்தில் கிடைக்கும் அட்டவணைகளை உங்கள் பயாஸ் எந்த நிறுவனத்தினுடையது என்று தெரியாமல் நம்பவேண்டாம். ஒரே எண்ணிக்கை ஒவ்வொரு பயாஸிலும் வேறு பொருள் தரும்.

ஸ்டிக்கை இப்போது கையில் எடுத்து, சிப்களை எண்ணிப் பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் எட்டு சிப், மறுபக்கம் வெறுமை என்றால், நான் மேலே சொன்னது ஏறக்குறைய உறுதி. ஸ்டிக்கரில் 1ஆர்எக்ஸ்8 அல்லது 2ஆர்எக்ஸ்8 என்று ஒரு குறியீடு இருக்கும். முதல் எண் ரேங்க், அதாவது 64 பிட் அகலமுள்ள சிப் தொகுதி எத்தனை இருக்கிறது என்பது. கடைசி எண் ஒவ்வொரு சிப்பும் ஒரே நேரத்தில் எத்தனை பிட் தருகிறது என்பது. 4 ஜிபி, 2ஆர்எக்ஸ்8 என்றால் 16 சிப், ஒவ்வொன்றும் 2 ஜிகாபிட்: உங்கள் போர்டுக்கு இதுதான் வேண்டும். 4 ஜிபி, 1ஆர்எக்ஸ்8 என்றால் 8 சிப், 4 ஜிகாபிட்: இது உங்களுக்கு ஆகாது. 2 ஜிபி ஸ்டிக்குகளிலும் கவனம் வேண்டும். எட்டு சிப் உள்ள 2 ஜிபி உங்கள் போர்டுக்குப் பொருந்தும். நான்கே நான்கு சிப்களுடன் 1ஆர்எக்ஸ்16 என்று வரும் 2 ஜிபியைத் தவிர்த்துவிடுங்கள், அதிலும் 4 ஜிகாபிட் சிப்தான். ஸ்டிக்கை அலுமினியத் தகடு மூடியிருந்தால் அதைப் பிய்க்காதீர்கள், சிப்பும் சேர்ந்து பிய்ந்து வந்ததைப் பார்த்திருக்கிறேன். நண்பரின் கணினியிலேயே சிபியூ-இஸட் மென்பொருளைத் திறந்து எஸ்பிடி பகுதியில் பாருங்கள். ரேங்க் எண்ணிக்கையும் பார்ட் நம்பரும் அங்கே கிடைக்கும்.

எண்ணிப் பார்த்தபோது 16 சிப் இருக்கிறது, ஆனாலும் போர்டு ஏற்கவில்லை என்றால்? அப்போது வேறு இரண்டு சந்தேகங்கள் உண்டு. ஒன்று, “ஏஎம்டி மட்டும்” என்ற குறிப்போடு விற்கப்படும் ஸ்டிக்குகள். இவற்றில் ஒவ்வொரு சிப்பும் எட்டு பிட்டுக்குப் பதில் நான்கு பிட் மட்டுமே தரும். இன்டெலின் டெஸ்க்டாப் மெமரி கன்ட்ரோலர்கள் அந்த அமைப்பை ஏற்பதில்லை, அக்காலத்து ஏஎம்டி பிராசஸர்கள் ஏற்கும். ஆனால் உங்கள் ஸ்டிக் நண்பரின் இன்டெல் கணினியில் ஓடியதால் இந்தச் சந்தேகத்தை இப்போதே நீக்கிவிடலாம். இரண்டாவது, சர்வர் ரேம். சிப் வரிசையின் நடுவே தனியாக ஒரு ரெஜிஸ்டர் சிப் இருக்கும், ஸ்டிக்கரில் பிசி3-10600ஆர் என்பதுபோல் கடைசியில் ஆர் எழுத்து வரும். அது சாதாரண டெஸ்க்டாப்பில் டிஸ்ப்ளே வரை போகவே போகாது, நண்பரின் கணினியில் ஓடிய உங்கள் ஸ்டிக் இதுவும் இல்லை. டெஸ்க்டாப்புக்கு வேண்டியது யூ என்று முடிவது. சர்வர்களில் இருந்து கழற்றிய ரேம் ஏராளமாகக் கைமாறுகிறது, ஆகவே அடுத்த முறை வாங்கும்போது அந்த ஒற்றை எழுத்தைப் பாருங்கள்.

நிறையப் பேர் முதலில் குற்றம் சாட்டுவது வேகத்தை. “என் போர்டு 1066 மெகாஹெர்ட்ஸ், ரேம் 1600, அதனால்தான் ஓடவில்லை” என்பார்கள். பெரும்பாலும் அது காரணமில்லை. எஸ்பிடியில் பல வேகங்களுக்கான நேர அளவுகள் எழுதப்பட்டிருக்கும். போர்டு தன்னால் முடிந்த வேகத்தைத் தேர்ந்தெடுக்கும், ரேம் அதற்கு இறங்கி வரும். 1600 ஸ்டிக் 1066-இல் அமைதியாக ஓடும். ஸ்டிக்கரில் பிசி3-12800 என்று இருந்தால் அது 1600-தான். 1600-ஐ 8 பைட்டால் பெருக்கிய எண் அது. மின்னழுத்தத்துக்கும் இதே கதைதான்: 1.35 வோல்ட் டிடிஆர்3எல் ஸ்டிக் 1.5 வோல்ட்டிலும் இயங்கும்படிதான் தரநிலை வகுக்கப்பட்டிருக்கிறது. எதிர்ப்பக்கம்தான் ஆபத்து: 1.35 மட்டுமே தரும் போர்டில் 1.5 மட்டும் ஏற்கும் ஸ்டிக் ஓடாது. உங்களுக்கு அந்தக் கவலை இல்லை.

இந்த முடிவுக்கு வருமுன் கைவேலையாகச் செய்துபார்க்க வேண்டியவை சில உண்டு, ஏனென்றால் அழுக்கும் தளர்வும் இதே அறிகுறியைத் தரும். சுவிட்சை அணைத்தால் போதாது, பவர் கேபிளைப் பிடுங்கிவிட்டு, பவர் பட்டனைச் சில நொடி அழுத்தி மிச்ச மின்சாரம் வடியவிடுங்கள். கேபினெட்டின் பெயின்ட் இல்லாத உலோகப் பகுதியைத் தொட்டுவிட்டு வேலையை ஆரம்பியுங்கள். ஸ்டிக்கின் தங்க நிறப் பின்களை ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் நனைத்த துணியால் துடைத்துக் காயவிடுங்கள், ஸ்லாட்டுக்குள் தூசி இருந்தால் பிரஷ்ஷால் தட்டிவிடுங்கள். ஒரு ஸ்டிக்கை மட்டும் வைத்து முதல் ஸ்லாட்டில் ஒரு தடவை, இரண்டாவது ஸ்லாட்டில் ஒரு தடவை பாருங்கள். பிறகு போர்டிலுள்ள வட்ட பேட்டரியைச் சில நிமிடம் கழற்றி வைத்து பயாஸ் அமைப்புகளை அழித்துவிட்டு மறுபடி பாருங்கள்; முன்பு யாராவது ரேம் வேகத்தைக் கையால் மாற்றியிருந்தால் அது இதில் போய்விடும். பழைய ரேம் இரண்டு ஸ்லாட்டிலும் தனித்தனியே ஓடி, புது ரேம் எதிலுமே ஓடவில்லை என்றால் ஸ்லாட் குற்றமற்றது.

பயாஸ் அப்டேட் செய்தால் சரியாகுமா என்று அடுத்து கேட்கத் தோன்றும். சில நேரம் சரியாகும், ஆனால் எது சரியாகும் என்பதில் தெளிவு வேண்டும். கன்ட்ரோலருக்குத் திறமை இருந்தும் பயாஸ் அந்தச் சிப்பை அறியாமல் இருந்தால், அப்டேட் உதவும். கன்ட்ரோலரில் முகவரிக் கம்பியே இல்லை என்றால் எந்த அப்டேட்டாலும் அதை உண்டாக்க முடியாது. ஜி41 இரண்டாவது வகை. டிஸ்ப்ளே வராத ஒரு காரணத்துக்காக, பழைய போர்டில் பயாஸ் எழுதும் ஆபத்தை இந்த விஷயத்தில் எடுக்கவேண்டாம் என்பதே என் கருத்து. நடுவில் மின்சாரம் போனால் நல்ல போர்டும் போய்விடும்.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்ல ஒரு காரணம் உண்டு. தொழிலுக்கு வந்த புதிதில், இதே நிலையிலிருந்த ஒரு கணினி என்னிடம் வந்தது. புது ரேமை இன்னொரு கணினியில் சோதித்தேன், ஓடியது. ஆகவே போர்டுதான் பழுது என்று சொல்லிவிட்டேன். கணினிக்குச் சொந்தக்காரர் என் பேச்சை நம்பி போர்டையும் பிராசஸரையும் மாற்றினார். சில மாதம் கழித்து, ஒதுக்கிவைத்த அந்த போர்டில் வேறு வேலைக்காக 16 சிப் ஸ்டிக் ஒன்றைச் செருகினேன், உடனே ஆன் ஆனது. அவருக்குத் தேவையே இல்லாத செலவை நான் வைத்துவிட்டேன் என்பது அன்று புரிந்தது. அவரிடம் போய்ச் சொன்னேன். அதன்பிறகு “வேறு கணினியில் ஓடுகிறது” என்பதை மட்டும் வைத்து எந்த போர்டையும் பழுது என்று நான் சொல்வதில்லை.

உங்கள் விஷயத்தில் எது எவ்வளவு உறுதி என்பதையும் பிரித்துச் சொல்லிவிடுகிறேன். ஜி41-இன் 2 ஜிகாபிட் எல்லை உறுதி. உங்கள் ஸ்டிக் 8 சிப் வகை என்பது அறிகுறிகளை வைத்து நான் ஊகிப்பது. நீங்கள் எண்ணிச் சொன்னால்தான் அது உறுதியாகும். 16 சிப் ஸ்டிக் வாங்கினால் ஓடும் என்பது பத்தில் ஒன்பது பங்கு நம்பிக்கையோடு சொல்வது. மீதி ஒரு பங்கை நேரில் போட்டுப் பார்த்துத்தான் தீர்க்கமுடியும், ஏனென்றால் ஒரே சிப்செட் கொண்ட இரண்டு போர்டுகள்கூட சில ஸ்டிக்குகளிடம் வேறுவிதமாக நடந்துகொள்வதுண்டு. அதனால் வாங்கும்போதே, ஓடவில்லை என்றால் மாற்றித் தருவார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள். போர்டின் மாடல் எண்ணைக் கொண்டு தயாரிப்பாளரின் ஆதரவுப் பட்டியலில் ஸ்டிக்கின் பார்ட் நம்பரைத் தேடிப் பாருங்கள். பட்டியலில் இருந்தால் நிம்மதி. இல்லையென்றால் ஓடாது என்று அர்த்தமில்லை, அவர்கள் சோதிக்கவில்லை என்றுதான் அர்த்தம். மென்பொருள்கள் “அதிகபட்ச ரேம் 16 ஜிபி” என்று காட்டுவதை நம்பவேண்டாம். அந்த எண் பயாஸில் யாரோ எழுதிவைத்தது, பல நேரம் தவறாக இருக்கும். ஜி41-க்கு இன்டெல் சொல்லும் எல்லை 8 ஜிபி.

இந்தப் பிரச்சினை உங்கள் போர்டோடு நிற்பதில்லை என்பதால், இதைப் படிக்கும் மற்றவர்களுக்கும் ஒரு வரி. மெமரி கன்ட்ரோலர் முன்பு போர்டிலுள்ள சிப்செட்டில் இருந்தது. ஏஎம்டி 2003-லும் இன்டெல் 2008-லும் அதைப் பிராசஸருக்குள் கொண்டுபோனார்கள். ஆகவே அதற்குப் பிந்தைய கணினிகளில் எல்லையை நிர்ணயிப்பது பெரும்பாலும் பிராசஸர். முதல் தலைமுறை கோர் ஐ டெஸ்க்டாப்புகளில் இரண்டு சானல் (ரேமுக்குப் போகும் தனிப் பாதை) உள்ளவற்றுக்கு ஸ்டிக் ஒன்றுக்கு 4 ஜிபிதான் அதிகாரப்பூர்வ எல்லை. இரண்டாம் தலைமுறையிலிருந்து நான்காம் தலைமுறை வரை 8 ஜிபி. அதிலும் 8 ஜிபியை எட்டே சிப்பில் அடக்கிய டிடிஆர்3 ஸ்டிக் வந்தால், நீங்கள் இன்று படும் அதே பாட்டை அவர்கள் படுவார்கள். இந்த வகைக் கணினிகளில் ஒரு பக்கத்து ஸ்லாட்டுகள் மட்டும் எந்த ரேமையும் ஏற்கவில்லை என்றால், பிராசஸர் சாக்கெட்டில் பின் வளைந்திருக்கிறதா என்று பார்க்கவேண்டும். அது தனிக் கதை.

உங்களுக்கு என் யோசனை: இந்த ஸ்டிக்கைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள், முடியாவிட்டால் நண்பருக்கே கொடுத்துவிடுங்கள். 4 ஜிபி போதும் என்றால் எட்டு சிப் கொண்ட 2 ஜிபி ஸ்டிக் இரண்டு வாங்குங்கள். இது மிகவும் பாதுகாப்பான வழி, கிடைப்பதும் எளிது, இரண்டு சானலும் சேர்ந்து வேலை செய்யும். 8 ஜிபி வேண்டுமென்றால் 2ஆர்எக்ஸ்8 வகை 4 ஜிபி இரண்டு. பழைய 1 ஜிபியோடு சேர்த்துப் போடுவதில் தவறில்லை, ஆனால் உங்களுக்கு இரண்டே ஸ்லாட் இருந்தால் அதில் ஒன்றை 1 ஜிபிக்குக் கொடுப்பது வீண்.

போட்டபின் கணினி ஆன் ஆகிவிட்டது என்பதோடு விட்டுவிடாதீர்கள். ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86+ நிரலை யுஎஸ்பியில் ஏற்றி, அதிலிருந்து பூட் செய்து, இரவு முழுக்க ஓடவிடுங்கள். பிழையைக் காட்டும் சிவப்பு வரி ஒன்றே ஒன்று வந்தால்கூட அந்த ஸ்டிக்கை வைத்துக்கொள்ளாதீர்கள். ரேமில் வரும் பிழை உங்கள் கோப்புகளைச் சத்தமில்லாமல் கெடுக்கும். பிழையில்லாமல் முடிந்த பிறகும் விண்டோஸ் 3.2 ஜிபி அளவுதான் காட்டுகிறது என்றால் பயப்படவேண்டாம், அது 32 பிட் விண்டோஸின் எல்லை. முகவரிகள் மொத்தமே 4 ஜிபிக்குத்தான் உண்டு, அதில் ஒரு பங்கை கிராபிக்ஸும் மற்ற வன்பொருள்களும் எடுத்துக்கொள்ளும். 64 பிட் விண்டோஸ் போட்டால் மீதியும் தெரியும். அப்போதும் தெரியவில்லை என்றால் பயாஸில் மெமரி ரீமேப் என்ற அமைப்பு அணைந்திருக்கிறதா என்று பாருங்கள்.

ஸ்டிக்கரில் உள்ள வரியை அப்படியே எழுத்துப் பிசகாமல் இங்கே எழுதுங்கள், சிப் எண்ணிக்கையையும் போர்டின் மாடல் எண்ணையும் சேர்த்து. போர்டின் மாடல், பெரும்பாலும் விரிவாக்க ஸ்லாட்டுகளுக்கு இடையே பெரிய எழுத்தில் அச்சடித்திருக்கும். அவை கிடைத்தால் இப்போது ஊகமாகச் சொன்னதை உறுதியாகச் சொல்லிவிடலாம்.